நாகர் தலைவனிடம் சாதுவன் கேட்டது

கேள்வி:

காரைக்கால் பகுதி வரிச்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியர். சில வருடங்களுக்கு முன் சென்னையில் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமில் அமர்ந்தேன். திரும்பி வந்தபின் கோபம் குறைந்தது, வீண்பேச்சு குறைந்தது. பௌத்த நூல்களைத் தேடித் தேடிப் படித்தேன். நான் பெற்றதை மற்றவர்களும் பெறட்டும் என்ற ஆசையில் ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தியானக் கூட்டம் நடத்தி வருகிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் முகாமில் எனக்கு ஏற்பட்ட அனுபவத்தைச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் எல்லோரையும் அமரச் செய்வேன். தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இப்போது நாலைந்து பேர்.

வருகிறவர்களில் ஒருவர் என்னைக் குரு என்கிறார், காலில் விழ வருகிறார். கல்லூரி மாணவன் ஒருவன் தன் வீட்டில் மணிக்கணக்காக உட்காரத் தொடங்கினான். இப்போது தூக்கமே இல்லை, காதில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்கிறான். என் மச்சான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். குடிப்பழக்கம் உண்டு. மீன்பிடித் தடைக்காலத்தில் வற்புறுத்தி உட்கார வைத்தேன். இரண்டு வாரம் வந்தார், பிறகு "எனக்கு இதெல்லாம் ஏறாது மாப்ளே, ஆளை விடு" என்று போய்விட்டார். அம்மாவோ, காரைக்கால் அம்மையார் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வீட்டில் புத்தர் படம் எதற்கு என்கிறார். அவரோடு வாதாடி வாதாடி மனக்கசப்புதான் மிச்சம்.

ஒருவரை விழிப்பை நோக்கி அழைத்துப் போவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? குறை என் முறையிலா, அவர்களிடமா? இதைச் செய்ய எனக்குத் தகுதி உண்டா? இல்லை, நிறுத்திவிடலாமா?

— ஒரு வாசகர், வரிச்சிக்குடி

பதில்:

முதலில் அந்தக் கல்லூரி மாணவன். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

அவனை இன்றைக்கே தியானத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சைக் கவனிப்பது, உடலைக் கவனிப்பது எதுவும் வேண்டாம். அவன் பெற்றோரை நீங்களே நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். தூக்கமின்மையும் குரல் கேட்பதும் சேர்ந்து வந்தால் மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும். நாள் கடத்தக் கூடாது. காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரவு நேரத்தில் தவித்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். "தியானத்தில் இப்படியெல்லாம் வரும், தாண்டிப் போய்விடு" என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

தியானம் யாருக்கும் கேடு செய்யாது என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. பழைய பௌத்தர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. சம்யுத்த நிகாயத்திலும் விநய பிடகத்திலும் ஒரு துயரமான நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. வைசாலியில் புத்தர், உடலின் தூய்மையற்ற தன்மையைச் சிந்திக்கும் தியானத்தைப் பிக்குகளிடம் புகழ்ந்து சொல்லிவிட்டு அரை மாதம் தனிமைக்குப் போகிறார். அந்த நாட்களில் பிக்குகள் பலர் தங்கள் உடலையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்தவர், சங்கம் ஏன் இப்படி மெலிந்துபோயிற்று என்று கேட்கிறார். ஆனந்தர் நடந்ததைச் சொல்லி, வேறொரு முறையைக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். அதன்பின் புத்தர் அங்கிருந்த பிக்குகள் அனைவரையும் கூட்டி, மூச்சின்மேல் கவனத்தை நிறுத்தும் ஆனாபானசதியைச் சொல்லிக்கொடுக்கிறார். தங்கள் ஆசானே புகழ்ந்து சொன்ன ஒரு முறை இத்தனை பேருக்குத் தீங்காக முடிந்ததை அந்த மரபு மறைக்கவில்லை, எழுதி வைத்தது. அந்த நேர்மைக்காகவே அதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம். வழிகாட்ட வருகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அது என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கடினம்தான். போதி மரத்தடியில் ஞானம் பெற்ற புத்தருக்கு முதலில் தோன்றியது, இதைச் சொல்லிப் பயனில்லை, சொன்னால் எனக்குக் களைப்புத்தான் மிஞ்சும் என்பதே. பிரமன் வந்து வேண்டியபின்தான், கண்ணில் கொஞ்சமே தூசு படிந்தவர்களும் உலகில் உண்டு என்று பார்த்து மனம் மாறுகிறார். யாரிடம் முதலில் சொல்லலாம் என்று யோசிக்கிறார். ஆளார காலாமர் நினைவுக்கு வருகிறார், அவர் இறந்துவிட்டார். உத்தக ராமபுத்தர் நினைவுக்கு வருகிறார், அவரும் இறந்துவிட்டார். சரி, பழைய தோழர்கள் ஐவரைத் தேடிக் காசிக்குப் போகலாம் என்று கிளம்புகிறார்.

வழியில் எதிர்ப்பட்டவன் உபகன் என்ற ஆசீவகத் துறவி. முகம் இப்படி ஒளிர்கிறதே, உன் குரு யார் என்று கேட்கிறான். எனக்குக் குரு இல்லை, நான் முழுதும் விழித்தவன் என்கிறார் புத்தர். இருக்கலாம் அப்பா என்று தலையை அசைத்துவிட்டு வேறு பாதையில் போய்விடுகிறான் உபகன். ஞானம் பெற்றபின் புத்தர் தன்னைப் பற்றி அறிவித்த முதல் ஆளே காதில் போட்டுக்கொள்ளாமல் நகர்ந்துவிட்டான். அவர் பின்னால் ஓடவில்லை, வாதாடவில்லை, தன் வழியில் நடந்தார். உபகன் பிறகு வேட்டுவர் ஊரில் பெண் எடுத்துக் குடும்பம் நடத்தி, பல காலம் கழித்துப் புத்தரைத் தேடி வந்து துறவு பூண்டான் என்று மரபு சொல்கிறது. ஆனால் அந்தச் சாலையில், அந்த நாளில், அவன் போய்விட்டான். உங்கள் மாடியிலிருந்து இறங்கிப் போனவர்களை நினைத்து வருந்தும்போது உபகனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குறை யாரிடம் என்று கேட்டீர்கள். கணக்கர் தொழில் செய்த மொக்கல்லானர் என்ற அந்தணர் புத்தரிடம் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறார். நிர்வாணம் இருக்கிறது, அதற்குப் போகும் வழியும் இருக்கிறது, வழி சொல்ல நீங்களும் இருக்கிறீர்கள். அப்படியிருந்தும் உங்கள் சீடர்களில் சிலர் அடைகிறார்கள், சிலர் அடைவதில்லையே, ஏன்? புத்தர் ராஜகிருகத்துக்குப் போகும் சாலையை எடுத்துக்காட்டுகிறார். ஒரே மாதிரிதான் இருவருக்கும் வழி சொல்கிறீர்கள். ஒருவன் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறான், இன்னொருவன் எதிர்த்திசையில் போகிறான். நீங்கள் என்ன செய்ய முடியும்? வழி சொல்வதோடு என் வேலை முடிந்தது என்கிறார்.

இதைப் படித்துவிட்டு, சொல்லியாயிற்று, இனி அவரவர் பாடு என்று சிலர் கைகழுவிவிடுகிறார்கள். அதற்கும் அங்கே இடமில்லை. தானஞ்சானி என்ற அந்தணர் சாவுப்படுக்கையில் கிடந்தபோது சாரிபுத்தர் போய் ஆறுதல் சொல்கிறார். அந்தணர்களுக்குப் பிரமலோகம் பெரிது, ஆகவே அதற்கான வழியைச் சொல்வோம் என்று நினைத்து அன்பு, கருணை முதலிய நான்கு தியானங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வருகிறார். தானஞ்சானி இறந்து பிரமலோகம் போகிறார். புத்தரோ சாரிபுத்தரைக் கேட்கிறார்: இன்னும் மேலே கொண்டுபோக முடிந்தவரைப் பாதியில் விட்டுவிட்டு ஏன் எழுந்து வந்தாய்? அறிவில் முதல் சீடர் என்று புகழப்பட்ட சாரிபுத்தரே எதிரில் இருப்பவரின் கொள்ளளவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். கூடுதலாகச் சொன்னால் உபகனைப் போலப் போய்விடுவார்கள், குறைவாகச் சொன்னால் தானஞ்சானியைப் போலப் பாதியில் நின்றுவிடுவார்கள். இந்த ஆளுக்கு, இந்த நேரத்தில், எவ்வளவு என்று கணிப்பதுதான் வழிகாட்டுவதன் உண்மையான சிரமம். நீங்கள் அந்தக் கணிப்பில் இறங்கவே இல்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிகிறது. கல்லூரிப் பையனுக்கும் ஒரு மணி நேரம், மச்சானுக்கும் ஒரு மணி நேரம், காலில் விழ வருகிறவருக்கும் அதே ஒரு மணி நேரம்.

இந்தக் கணிப்பை நம் மொழியில் மிக நன்றாகக் காட்டிய நூலான மணிமேகலையின் கதை உங்கள் கடற்கரையிலேயே நடக்கிறது. வரிச்சிக்குடியிலிருந்து வடக்கே தரங்கம்பாடி, அதற்கும் அப்பால் பூம்புகார். அங்கே பல்லவனேஸ்வரத்தில் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தபோது பௌத்த விகாரம் ஒன்றின் அடித்தளமும் புத்தர் பாதம் பொறித்த கல்லும் வெளிப்பட்டன. தெற்கே நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் இருந்தது. அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தை நிவந்தமாகக் கொடுத்த செய்தி செப்பேட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே மணிமேகலையை உங்கள் ஊர்ப் புத்தகமாகவே எண்ணிப் படிக்கலாம்.

பன்னிரண்டாம் காதையில் மணிமேகலை பௌத்தத் துறவி அறவண அடிகளைத் தொழுது நிற்கிறாள். மணிபல்லவம் போய் முற்பிறப்பை அறிந்தவள், கையில் அமுதசுரபி வைத்திருப்பவள். இவளைவிடத் தகுதியான மாணவி யார்? ஆனாலும் அடிகள் முழு உபதேசத்தையும் அப்போது தருவதில்லை. உன்னால் இந்த நகரில் நடக்க வேண்டியவை சில இருக்கின்றன, அவை நடந்தபின்தான் நான் சொல்வது உனக்குப் பொருந்தும் என்று திருப்பி அனுப்புகிறார். அவள் போய்ப் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசியில் வாடிய காயசண்டிகையின் நோயைத் தீர்க்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். தன்மேல் ஆசை வைத்த உதயகுமரன் வெட்டுண்டு சாக, அந்தத் துயரையும் பழியையும் சிறையையும் தாங்குகிறாள். வஞ்சிக்குப் போய்ப் பிற சமயத்தார் சொல்வதைக் கேட்கிறாள். இவ்வளவும் ஆனபின் காஞ்சியில், இருபத்தொன்பதாம் காதையில்தான், அடிகள் வாய் திறந்து முழுமையாகச் சொல்கிறார். அதிலும் முதலில் சொல்வது அளவை நூல். எது சரியான அறிவு, எது போலி என்று பிரித்தறியும் முறை அது. முப்பதாம் காதையில் நூல் முடியும்போது அவள் நோன்பு தொடங்குகிறாள், அவ்வளவுதான். அவள் ஞானம் பெற்றதை நூலாசிரியர் சாத்தனார் பாடவில்லை.

அந்த 'இப்போது இல்லை' என்ற பதிலை நான் பெரிதாக நினைக்கிறேன். வந்தவுடன் எல்லாவற்றையும் கொடுத்துவிட ஆசிரியருக்குக் கை துறுதுறுக்கும், அதுவும் நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அடிகள் அதை அடக்கிக்கொள்கிறார். மாணவி வாழ்ந்து பார்க்கட்டும், வாழ்க்கையில் கேள்வி முற்றட்டும் என்று காத்திருக்கிறார். பாலி நூல்களிலும் இந்த வரிசை உண்டு. புதிதாக வரும் இல்லறத்தாரிடம் புத்தர் தானத்தில் தொடங்குவார், பிறகு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார். கேட்பவர் மனம் இளகித் தயாரான பிறகே நான்கு வாய்மைகளுக்கு வருவார். நீங்கள் கடைசிப் பாடத்தில் தொடங்கிவிட்டீர்கள்.

அடுத்து பதினாறாம் காதை. உங்கள் மச்சானுக்கான பதில் அதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆதிரையின் கணவன் சாதுவன். மனைவியை விட்டுக் கணிகை வீட்டில் கிடந்து, சூதாடி, கையில் இருந்ததெல்லாம் தொலைத்தவன். கணிகையும் துரத்திவிட்டபின் பிழைப்புத் தேடி வணிகரோடு கப்பல் ஏறுகிறான். நடுக்கடலில் கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையோரக் கரையில் ஒதுங்கி, அலுப்பில் மரத்தடியில் தூங்கிவிடுகிறான். நாகர்கள் அவனைத் தின்பதற்காகத் தட்டி எழுப்புகிறார்கள். சாதுவனுக்கு அவர்கள் மொழி தெரியும். அந்த மொழியில் பேசியதால் உயிர் பிழைத்தான். தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். கள் பானைகளும் உலர்ந்த எலும்புகளும் சூழத் தலைவன் தன் துணையோடு உட்கார்ந்திருக்கிறான். விருந்தாளிக்குப் பெண்ணையும் கள்ளையும் ஊனையும் கொடுக்கச் சொல்கிறான்.

சாதுவன் மறுக்கிறான். தலைவனுக்கு வியப்பு. பெண்ணும் உணவும் இல்லாமல் மனிதனுக்கு என்ன வாழ்க்கை, எங்களுக்கும் காட்டு என்கிறான். சாதுவன் வினை, மறுபிறப்பு பற்றிச் சொல்ல, தலைவன் சிரித்துவிட்டு நல்ல கேள்வி ஒன்று கேட்கிறான்: உடலை விட்டுப் போகும் உயிர் இன்னோர் இடத்தில் புகும் என்கிறாயே, எப்படி என்று எனக்கு விளங்கும்படி சொல். அந்தக் கேள்விக்குச் சாதுவன் பொறுமையாக, அவனுக்குத் தெரிந்த விஷயங்களைக் கொண்டே பதில் சொல்கிறான். கேட்ட தலைவன் காலில் விழுகிறான். விழுந்துவிட்டு அவன் சொல்வதைப் பாருங்கள். கள்ளையும் ஊனையும் விட்டால் எங்கள் உடலில் உயிர் தங்காது, எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல்.

சாதுவன் கேட்டது இவ்வளவுதான். இனிக் கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்குகிறவர்களைக் கொல்லாதீர்கள், அவர்கள் உயிரைக் காப்பாற்றுங்கள். மூப்பு வந்து தானாக இறக்கும் விலங்கைத் தவிர வேறு எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதீர்கள். கள் ஏன் தனக்கு ஆகாது என்று முன்பே சொன்னவன், தலைவனுக்கு இட்ட அறத்தில் கள்ளைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஊனையும் அடியோடு விடச் சொல்லவில்லை. நான்கு வாய்மை, எண்வழி, நிர்வாணம் எதையும் எடுக்கவில்லை. தலைவன், இதை எங்களால் செய்ய முடியும் என்று ஏற்றுக்கொண்டு, உடைந்த கப்பல்களிலிருந்து சேர்த்து வைத்திருந்த பொருளையெல்லாம் அவனுக்குக் கொடுத்து, சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் ஏற்றி அனுப்புகிறான்.

இந்தச் சாதுவன் துறவி இல்லை. ஞானியும் இல்லை. ஊர் சிரிக்க வாழ்ந்து கெட்டவன். ஆனால் எதிரே இருப்பவனின் மொழி தெரிந்தவன், அவன் கேள்வியைக் கேட்டவன், அவன் எல்லையை அவன் வாயாலேயே சொல்ல விட்டவன், அந்த எல்லைக்குள் எது அதிக உயிரைக் காக்குமோ அதை மட்டும் கேட்டவன். அந்தக் கரையில் அடுத்து ஒதுங்கப்போகிற ஆள் பிழைப்பான். வழிகாட்டுவது பற்றி நான் படித்த கதைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

உங்கள் மச்சான் 'எனக்கு இதெல்லாம் ஏறாது' என்று சொன்னபோது நாகர் தலைவன் சொன்னதில் பாதியைச் சொல்லிவிட்டார். 'எனக்கு ஏற்றதைச் சொல்' என்ற மறுபாதியைச் சொல்ல நீங்கள் இடம் கொடுக்கவில்லை. இந்தப் பகுதியில் சாராயத்துக்குக் குறைவே இல்லை, பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் இங்கே தேடி வருகிறார்கள். அந்தச் சூழலில், உடம்பு நோகும் தொழில் செய்கிறவரிடம் கண்ணை மூடி ஒரு மணி நேரம் உட்கார் என்றால் அவர் எழுந்துதான் போவார். கடலில் படகு பழுதாகித் தத்தளிக்கிறவர்களை இன்னொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்ப்பது நம் கடற்கரையில் வழக்கம்தானே? சாதுவன் நாகரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்த அறம் உங்கள் மச்சானிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பற்றி அவரிடம் பேசுங்கள், கேளுங்கள், அதுவும் தம்மம்தான் என்று சொல்லுங்கள். பிறகு, பங்குப் பணம் கையில் வந்த அன்று ஒரு பகுதியை முதலில் வீட்டில் கொடுத்துவிட முடியுமா, தொழிலுக்குப் போகும் நாட்களில் மட்டுமாவது குடிக்காமல் இருக்க முடியுமா என்று அவர் வாயிலிருந்தே வரவழையுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று முழுக்க நிறுத்தினால் உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். முழுதாக நிறுத்த அவர் முன்வந்தால் மருத்துவர் துணையோடு நிறுத்தட்டும்.

அம்மாவோடு வாதாடுவதை விட்டுவிடுங்கள். உங்கள் பகுதியில் வாதத்தின் கதை பழையது. திருஞானசம்பந்தர் திருநள்ளாற்றையும் திருத்தெளிச்சேரியையும் தொழுது போகிற வழியில் போதிமங்கை என்ற பௌத்தர் ஊரில் புத்தநந்தியையும் சாரிபுத்தன் என்பவனையும் எதிர்கொண்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. திருத்தெளிச்சேரி என்பது காரைக்கால் கோயிற்பத்துத்தான். வாதில் தோற்ற பௌத்தர்கள் சைவரானார்கள் என்று முடிகிறது அந்த வரலாறு. பௌத்தர்களும் மற்ற இடங்களில் இப்படி வாதில் வென்று ஆள் சேர்த்தவர்கள்தான். வாதில் தோற்றவர் பக்கம் மாறலாம், அதனால் அவருக்குள் எதுவும் விழித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மணிமேகலை வஞ்சியில் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன் என்று ஒவ்வொருவரிடமும் போகிறாள். இளம்பெண் என்று எண்ணிச் சரியாகச் சொல்லாமல் போய்விடுவார்களோ என்று ஆண் துறவி வேடம் பூண்டு போகிறாள். அவ்வளவு மெனக்கெட்டது வெல்வதற்காக இல்லை, கேட்பதற்காக. நீங்களும் இந்த ஆண்டு மாங்கனித் திருவிழாவுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். அம்மையாரைப் பற்றி அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். கணவன் விலகிப் போய்விட்ட ஒரு பெண், உடம்பின் அழகை உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்கிய கதையில் பௌத்தம் படிக்கிற உங்களுக்கும் கற்க நிறைய இருக்கிறது.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். விநய விதிப்படி ஒரு பிக்கு மற்றொருவருக்கு ஆசானாக இருக்க, துறவு பூண்டு குறைந்தது பத்து மழைக்காலம் கழிந்திருக்க வேண்டும். புதிய பிக்கு ஐந்து ஆண்டுகளாவது ஆசானைச் சார்ந்து வாழ வேண்டும். நீங்கள் அமர்ந்த விபஸ்ஸனா மரபிலும், முகாம் முடித்த எவரும் கற்பிக்கலாம் என்று விடுவதில்லை. பல முகாம்கள் அமர்ந்து, சேவை செய்து, பயிற்சி பெற்றவர்களைத்தான் உதவி ஆசிரியராக நியமிக்கிறார்கள். பழைய மாணவர்கள் கூடி அமரலாம், அதற்குத் தடையில்லை. ஆகவே புதியவர்களுக்கு நீங்கள் தியானம் கற்பிப்பது சரியில்லை. விரும்புகிறவர்களை முகாமுக்கு அனுப்புங்கள். மனநோய் இருந்தவர்கள், இப்போது மனம் கலங்கியிருப்பவர்கள் அதை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதட்டும்.

உங்கள் அனுபவத்தைக் கூட்டத்தில் சொல்வதையும் நிறுத்த வேண்டும். அடையாத நிலையை அடைந்ததாகத் தெரிந்தே சொல்லும் பிக்கு அந்தக் கணமே பிக்கு இல்லாமல் ஆகிறார். சங்கத்திலிருந்து விலக்கும் நான்கு பெருங்குற்றங்களில் அது ஒன்று. உண்மையாகவே அடைந்திருந்தாலும் இல்லறத்தாரிடம் அதைச் சொன்னால் அதுவும் குற்றம், சிறிய குற்றம். பஞ்ச காலத்தில் சில பிக்குகள், இவர் இன்ன நிலை அடைந்தவர், அவர் இன்ன நிலை அடைந்தவர் என்று ஒருவரையொருவர் ஊராரிடம் புகழ்ந்து நல்ல சாப்பாடு வாங்கினார்கள், அதிலிருந்து வந்த விதி இது. நீங்கள் சாப்பாட்டுக்காகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறவர்கள் உங்களுக்கு வந்தது தங்களுக்கு வரவில்லையே என்று தங்களையே அளக்கத் தொடங்குவார்கள். அந்தப் பையன் வீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்தது எதைத் தேடி என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் காலில் விழ வருவதும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது.

உதாயி என்ற பிக்கு கோசாம்பியில் பெருங்கூட்டத்துக்கு நடுவே உபதேசம் செய்துகொண்டிருந்ததை ஆனந்தர் புத்தரிடம் போய்ச் சொன்னபோது, பிறருக்குத் தம்மம் சொல்வது எளிதல்ல என்றார் புத்தர். படிப்படியாகச் சொல்ல வேண்டும், காரணம் விளங்கச் சொல்ல வேண்டும், கேட்பவர்மேல் இரக்கம் கொண்டு சொல்ல வேண்டும், ஆதாயம் கருதக் கூடாது, தன்னையும் பிறரையும் புண்படுத்தக் கூடாது. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன் ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள். குரு என்கிறவரிடம், நாம் சேர்ந்து உட்காருகிறவர்கள், அவ்வளவுதான் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். புத்தரே தனக்குப் பின் இன்னார் என்று யாரையும் அமர்த்திவிட்டுப் போகவில்லை. அவரோடு இருபத்தைந்து ஆண்டுகள் நிழல்போல இருந்த ஆனந்தருக்கு, புத்தர் மறைந்து, ராஜகிருகத்தில் முதல் சங்கம் கூடுவதற்கு முந்தின இரவில்தான் முழு விடுதலை கிட்டியது. இவ்வளவு நெருக்கத்தில் இருந்தும் அவ்வளவு காலம்.

நிறுத்திவிடலாமா என்றால், வேண்டாம் என்பேன். கூட்டத்தின் தன்மையை மாற்றுங்கள். தமிழகத்தில் நவீன காலத்தில் பௌத்தத்தை மீட்ட அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்பில் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இலிருந்து வார இதழ் நடத்தினார். மக்களைக் கூட்டிப் படிப்பு, சொற்பொழிவு, விழா, நல்லது கெட்டது எல்லாவற்றையும் சங்கத்தோடு இணைத்தார். கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் கிளைகள் எழுந்தன. சாதி மிதித்த மனிதர்கள் நிமிர்ந்து நிற்பதை விழிப்பின் முதல் படியாக அவர் கண்டார். உங்கள் மாடியிலும் யார் வரலாம், யார் வர இன்னும் தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள். ஊரில் எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லையோ அந்தத் தெருவுக்கு நீங்களே போய் அழையுங்கள்.

ஞாயிறு மாலையில் கொஞ்ச நேரம் எல்லோரும் அமைதியாக இருங்கள், அதற்கு முறை எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிறகு மணிமேகலை படியுங்கள். 1898இல் உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தபோது, விளக்கம் கேட்கப் பௌத்தர் எவரும் அவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை. கும்பகோணத்தில் உடன் பணியாற்றிய ரங்காசாரியர் ஆங்கில நூல்களிலிருந்து படித்துச் சொல்லச் சொல்லத்தான் அவருக்கு வழி திறந்தது. ஒரு சைவரும் ஒரு வைணவரும் சேர்ந்து உட்கார்ந்து நமக்கு அந்தப் பௌத்த நூலைத் திறந்துவிட்டார்கள். நீங்கள் பதினாறாம் காதையில் தொடங்குங்கள், அன்றைக்கு மச்சானையும் கூப்பிடுங்கள், கப்பல் உடைகிற கதை என்று சொன்னால் வருவார். அதன்பின் பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தேழு. இருபத்தொன்பதாம் காதையின் அளவைப் பகுதி கடுமையானது, உரையில்லாமல் தொட வேண்டாம். உங்கள் பள்ளித் தமிழாசிரியரை அந்த வாரங்களுக்கு அழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.